சாதியையும் பாலினத்தையும் சேர்த்துப் படிக்கும் உரிமை: காஞ்சிபுரத்தில் நின்று ஒரு கேள்வி

பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்பும் முனைவர் பட்ட ஆய்வும் மேற்கொள்ள, ஒன்றிய அரசின் சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை வழங்கிவருகிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. 2022 பிப்ரவரியில் இத்திட்டத்தின் நெறிமுறைகளில் ஒரு விதி புகுத்தப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு படிக்க விரும்புவோருக்கு இனி உதவித்தொகை கிடையாது என்பதே அவ்விதி. தலித் மாணவர் பொறியியல் படிக்கலாம், மேலாண்மை படிக்கலாம். சாதியைப் பற்றியும், சாதி பெண்ணுடலின் மீது செலுத்தும் அதிகாரத்தைப் பற்றியும் அரசின் பணத்தில் அயல்நாட்டில் ஆய்வு செய்ய இயலாது.

இவ்விதி எதைத் தடுக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள 1916ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு மே 9ஆம் நாள் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்துவந்த 25 வயது மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகள் குறித்த கட்டுரையை வாசித்தார். அவர் பீமராவ் அம்பேத்கர். சாதியின் உயிர்நிலை அகமணமுறையில் இருக்கிறது என்பது அக்கட்டுரையின் மையக் கருத்து. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ள வேண்டுமெனில், அக்குழுவுக்குள் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். கணவனை இழந்த பெண் அக்கணக்கில் மிகையாகிறாள். அவள் குழுவுக்கு வெளியே மணந்துவிடலாம் என்ற அச்சம் எழுகிறது. அவளை உடன்கட்டை ஏற்றுவது, ஏற்றாவிடில் வாழ்நாள் முழுவதும் கைம்பெண்ணாக அடைத்து வைப்பது, மனைவியை இழந்த ஆணுக்கு இன்னும் பருவமெய்தாத சிறுமியை மணமுடித்து வைப்பது ஆகிய மூன்று வழக்கங்களும் இந்தக் கணக்கைச் சரிசெய்யும் கருவிகளாகப் பிறந்தன என்று அவர் நிறுவினார்.

இன்று பாலின ஆய்வு என்றும் பாலியல்பு ஆய்வு என்றும் பல்கலைக்கழகங்கள் பெயரிட்டுப் பயிற்றுவிக்கும் துறைகள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, தீண்டத்தகாதார் எனப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு மாணவர் அத்துறையின் அடிப்படைக் கேள்வியை எழுப்பிவிட்டார். இன்றைய விதி அன்று இருந்து, அக்கட்டுரையின் பொருளை அவர் விண்ணப்பத்தில் எழுதியிருந்தால், உதவித்தொகை மறுக்கப்பட்டிருக்கும்.

சாதியின்றிப் பாலினத்தைக் கற்பிப்பதும், பாலினமின்றிச் சாதியைப் பேசுவதும் ஒடுக்கப்பட்டோரின் அறிவுரிமையைப் பறிப்பதாகும் என்பது நம் நிலைப்பாடு. அதைக் காஞ்சிபுரத்தில் நின்று சொல்ல விரும்புகிறோம். பட்டும் கோயிலும் அடையாளமாகிப்போன அந்நகரும் அதைச் சுற்றிய மாவட்டமும் அம்பேத்கரின் கேள்வியைத் தெருவுக்குத் தெரு எழுப்புகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, செங்கல்பட்டு பிரிவதற்கு முந்தைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 24 விழுக்காடு. மாநிலச் சராசரியோ 20. அம்மக்களின் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டார்கள். அங்கே அவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்பதே இப்போதைய கேள்வி.

‘இங்கேயே படியுங்கள்’ என்னும் சமாதானம்

2022 விதிக்கு எதிர்ப்பு எழுந்தபோது அரசுத் தரப்பு ஒரு விளக்கம் தந்தது. இந்தியா பற்றிய ஆய்வுக்கு வேண்டிய வளங்களும் வல்லுநர்களும் இந்தியப் பல்கலைக்கழகங்களிலேயே உள்ளபோது வெளிநாட்டுக்கு ஏன் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். உள்நாட்டில் அத்துறைகள் எந்நிலையில் உள்ளன என்று பார்த்தால் அதன் பொருத்தம் கலைந்துவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழு 1980களிலிருந்து மகளிரியல் மையங்களுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் சமூக விலக்கு, உள்ளடக்கும் கொள்கை ஆகியவற்றை ஆராயும் மையங்களும் தோற்றுவிக்கப்பட்டன. இவ்விரு வகை மையங்களும் 2017இல் நிதி தொடருமா என்று தெரியாமல் தத்தளித்தன; ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது. 2024 ஜூன் இறுதியில் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஒரே நாளில் பணிநீக்க அறிவிப்பு அனுப்பியது. பல்லாண்டுகளாக ஒப்பந்த முறையில் பணியாற்றிவந்த மகளிரியல் மைய ஆசிரியர்களும் அவர்களுள் இருந்தனர். எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் இத்துறைகள் எத்தனை மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பது வெளிப்பட்டுவிட்டது.

வெளிநாட்டுக்கான கதவும் அகலத் திறந்திருக்கவில்லை. 2025 ஜூலையில் அதே அயல்நாட்டு உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஆணை தரப்பட்டது. மற்றவர்கள் நிதி கிடைப்பதைப் பொறுத்துக் காத்திருக்குமாறு சொல்லப்பட்டனர். ஆக, வெளியே செல்வோரின் பாடப்பொருள் குறுக்கப்படுகிறது. உள்ளே இருப்போரின் துறை நலிவடைய விடப்படுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கொள்கையின் முழு உருவம் தெரியும்.

கற்கும் உரிமையும் காஞ்சியும்

யார் கற்கலாம் என்ற கேள்வி காஞ்சிக்குப் புதியதன்று. நான்காம் நூற்றாண்டளவில் மயூரசர்மன் என்னும் பார்ப்பன இளைஞர் தம் ஆசிரியருடன் வேதக் கல்வி பெறக் காஞ்சிக் கடிகைக்கு வந்தார் என்று தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. பிற்காலத்தில் கடம்ப அரசை நிறுவியவர் அவரே. கடிகையின் கல்வி பிறப்பால் வரையறுக்கப்பட்ட கல்வி.

அதே காஞ்சிக்கு இன்னொரு கல்வி மரபும் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி கணிகையர் குலத்து மாதவியின் மகள். சமயவாதிகளிடம் உண்மை கேட்கச் செல்லுமுன், இளம் பெண்ணாகச் சென்றால் எவரும் பொருள் சொல்ல மாட்டார்கள், வேற்றுருக் கொண்டு செல் என்று தெய்வம் அவளை எச்சரிக்கிறது. அவ்வாறே ஆண் துறவியின் உருவில் வஞ்சி நகரில் பல சமயக் கணக்கர்களின் வாதங்களைக் கேட்கிறாள். பின்னர்க் காஞ்சிக்கு வந்து, பசித்தோர்க்கு உணவிட்டு, அறவண அடிகளிடம் பௌத்த அளவை இயலைக் கற்கிறாள். அயோத்திதாசப் பண்டிதர் தாம் மீட்டெடுத்த பௌத்த வரலாற்றுக்கு இக்காப்பியத்தைச் சான்றாக எடுத்தாண்டார். பிறப்பின் பேரிலும் பாலின் பேரிலும் அறிவு மறுக்கப்படுவதை அதன் ஆசிரியர் அறிந்திருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நவீன காலத்தில் இதே நகரம் மீண்டும் அக்கேள்வியைச் சந்தித்தது. 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் வெளியேறியது காஞ்சிபுரத்தில்தான். 1928ஆம் ஆண்டின் வகுப்புவாரி ஆணையும், அதற்கு எதிரான தீர்ப்பையடுத்து 1951இல் வந்த அரசமைப்பின் முதல் திருத்தமும் அந்த நெடும் போராட்டத்தின் விளைவுகள். இன்று உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 28.4 என்கிறது 2021-22ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல் நடைமுறையில் உள்ளது. இத்திட்டம், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. அவர் யார், எதற்காகப் போராடினார், அப்போராட்டத்தில் சாதியும் பாலியல்பும் எவ்வாறு பிணைந்திருந்தன என்பதை அந்த உதவித்தொகை பெறும் மாணவிக்குச் சொல்லித்தர எத்தனை வகுப்பறைகள் உள்ளன?

தறி, கோயில், ஆலை

காஞ்சிபுரத்தை ஒரு பாடநூலாகத் திறந்தால் முதலில் வருவது தறி. நகரின் நெசவுத் தெருக்கள் சாலியர், செங்குந்தர், தேவாங்கர் போன்ற சமூகங்களின் பெயரால் அறியப்பட்டவை. சுற்றுக் கிராமங்களில் கூலிக்கு நெய்வோரில் தலித்துகள் கணிசமாக உள்ளனர். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை நெய்ய நெசவாளரின் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். கரைக்கான நாடாவைத் தள்ளும் அந்தக் கை நெடுங்காலம் சிறுவர்களுடையதாக இருந்தது. பட்டுத்தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகள் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும் என்று பதிவு செய்தது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற பட்டின் புகழ்க் கதையில் இப்பக்கம் இடம்பெறுவதில்லை.

பெண்ணுழைப்பும் அவ்வாறே மறைக்கப்படுகிறது. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளரில் 72 விழுக்காட்டினர் பெண்கள். ஆயினும் ‘நெசவாளர்’ என்றதும் நம் மனத்தில் எழுவது ஓர் ஆணின் உருவம். வீட்டுக்குள் நூல் இழைப்பதும், தார் சுற்றுவதும், பாவுக்கு வேண்டிய பணிகளைச் செய்வதும் மனைவியின் கடமையாகக் கருதப்படுகின்றன. அவற்றுக்குத் தனிக்கூலி கணக்கில் வருவது அரிது. தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால் திருமண உறவே தொழிலுறவாகிறது. சாதிக்குள் மணம் முடிப்பது குடும்ப மானம் சார்ந்தது மட்டுமன்று. தொழில் நுட்பத்தையும் உழைக்கும் கைகளையும் சாதிக்குள்ளேயே தக்கவைப்பதும் ஆகும். அம்பேத்கர் சொன்ன அகமணக் கணக்கு இங்கே பாவும் ஊடையுமாக ஓடுகிறது.

அடுத்தது கோயில். பொட்டுக்கட்டும் முறைக்கும் நெசவுச் சமூகத்துக்கும் இருந்த தொடர்பை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகள் பதிவு செய்துள்ளன. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிவைத்த முயற்சி 1947இல் மதராஸ் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக நிறைவேறியது. கோயில் நடனத்தின் வரலாறாகவும் செவ்வியல் கலையின் வரலாறாகவும் இது பல்கலைக்கழகங்களில் நிறையவே ஆராயப்பட்டிருக்கிறது. அருந்ததியர் சமூகத்துச் சிறுமிகள் மாத்தம்மா என்னும் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்படும் வழக்கம் காஞ்சிபுரத்தின் அண்டை மாவட்டமான திருவள்ளூரிலும் ஆந்திரத்தின் சித்தூரிலும் நிலவுவதாக வந்த புகாரின் மேல், 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் இரு மாநில அரசுகளுக்கும் அறிவிக்கை அனுப்பியது. சட்டம் வந்து 70 ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த அறிவிக்கை அது. பெருங்கோயிலின் தாசி ஆய்வுக்கு உரியவளாகிறாள். சேரியின் மாத்தம்மா காவல்துறைக் கோப்போடு நின்றுவிடுகிறாள். ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் சாதி வேலை செய்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது ஆலை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலை, மணமான பெண்களைப் பொருத்துப் பணிகளிலிருந்து திட்டமிட்டு விலக்கியது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தாலியும் மெட்டியும் கருப்பையும் ஒரு பெண்ணின் வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கின்றனவா என்பதே அச்செய்தி எழுப்பிய கேள்வி. 2021 டிசம்பரில் விடுதி உணவால் தோழியர் நோயுற்றபோது நெடுஞ்சாலையில் அமர்ந்த ஆயிரக்கணக்கான பெண்களும் இதே ஆலையின் தொழிலாளர்களே.

இம்மூன்றையும் பற்றி ஆய்வுகள் இல்லாமலில்லை. பட்டு நெசவுக் கூட்டுறவு சங்கங்களைப் பற்றி இவான் ஆர்ட்டர்பர்ன் 1982இல் நூல் எழுதினார். பத்மசாலியர் பற்றிய ஆர்த்தி காவ்ராவின் நூல் 2018இல் வந்தது. மதிப்புமிக்க உழைப்புகள்தாம். ஆயினும் நகரமும் சேரியும் தகவல் தருவதும், வெளியார் கோட்பாடு அமைப்பதுமாகவே இந்த உறவு தொடர்கிறது. இந்தியச் சமூக அறிவியலில் ஒரு சாரார் கோட்பாட்டுப் பார்ப்பனர்களாகவும் மறுசாரார் தரவு திரட்டும் சூத்திரர்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளனர் என்று கோபால் குரு 2002இல் சுட்டிக்காட்டினார். தார் சுற்றிய தாயின் மகள், அத்தறியைப் பற்றிய ஆய்வேட்டைத் தானே எழுதும்போதுதான் இப்பிரிவினை உடையத் தொடங்கும்.

பாடத்திட்டத்துக்குள் நுழைந்தபின்

பாடத்திட்டத்துக்குள் இடம்பிடித்துவிட்டால் போதுமா? போதாது என்பதை 2021 ஆகஸ்டு காட்டியது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, இராணிப்பேட்டை மாவட்டத்தின் லாலாப்பேட்டையைச் சேர்ந்த கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளும் பாமாவின் ‘சங்கதி’யும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து நீக்கப்பட்டன. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ என்னும் கதையும் உடன் நீக்கப்பட்டது. கல்விக்குழு உறுப்பினர்கள் 15 பேர் எதிர்ப்பைப் பதிவு செய்தும் பயனில்லை. சுகிர்தராணியின் எழுத்து தலித் பெண்ணின் உடலை அவள் மொழியிலேயே பேசுவது. ‘சங்கதி’ சேரிப் பெண்கள் வெளியில் சாதியாலும் வீட்டில் ஆண்களாலும் ஒடுக்கப்படுவதை ஒருசேரச் சொல்வது. பெண்ணெழுத்து என்ற பாடத்துக்கு அப்பல்கலைக்கழகத்தில் இடமுண்டு. தலித் பெண் தன் உடலைப் பற்றிப் பேசும்போதுதான் இடம் சுருங்குகிறது.

இதைத் தில்லியின் குற்றமாக மட்டும் சொல்லித் தமிழ்நாடு தப்பித்துவிட முடியாது. சமூகநீதி மண் என்று நாம் பெருமை பேசும் இம்மாநிலத்தில், பெரியாரின் பெயரையே தாங்கிய சேலம் பல்கலைக்கழகம் 2022 ஜூலையில் நடத்திய முதுநிலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது என்று ஒரு வினா இடம்பெற்றது. விடைகளாக நான்கு சாதிப் பெயர்கள் தரப்பட்டிருந்தன. சமத்துவமின்மையை ஆராய்வதற்கும் அதை மனப்பாடம் செய்விப்பதற்கும் உள்ள வேறுபாடு தெரியாத இடத்தில், பாடத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் தீங்கே விளையும். பள்ளி, கல்லூரிகளில் சாதி வன்மம் பற்றி ஆராய நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அதன் பரிந்துரைகளில் கைக்கயிறும் நெற்றிப்பொட்டும் பெற்ற கவனத்தைப் பாடப்பொருள் பெறவில்லை.

பால்புதுமையரும் சாதியும்

2021 ஜூன் 7ஆம் நாள், பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் ஆணை பிறப்பித்தார். தன்பாலீர்ப்பு பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் பாடம் கேட்ட பின்னரே அதை எழுதினார். பள்ளி, கல்லூரிப் பாடங்களில் மாற்றம் வேண்டும் என்பதும் அதன் வழிகாட்டுதல்களில் ஒன்று. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் பால்புதுமையர் தொடர்பான தமிழ்ச் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இவற்றைத் தமிழில் சொல்லச் சொற்கள் இல்லை என்ற சாக்கு அன்றோடு முடிந்தது.

பாடநூல்கள் மாறினவா? திருநர் மாணவர்களைப் பள்ளிகளில் அரவணைப்பது பற்றித் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தயாரித்த ஆசிரியர் கையேடு 2021 நவம்பரில் வெளியான சுவடு மறையுமுன் இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. 2024 ஆகஸ்டு 31 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டம், பெண் தன்பாலீர்ப்பை இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் மீண்டும் சேர்த்தது. எதிர்ப்புக்குப் பின் செப்டம்பர் 5 அன்று திரும்பப் பெறப்பட்டது.

இங்கும் சாதியை விலக்கிப் பேச முடியாது. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் சேர்ந்த முதல் திருநங்கையான கிரேஸ் பானு 2014இல் சேர்ந்தது, காஞ்சிபுரத்தை அடுத்த அரக்கோணத்துக் கல்லூரி ஒன்றில். தலித் திருநங்கையான அவர் தொடர்ந்து வலியுறுத்துவது கிடைமட்ட இடஒதுக்கீடு. மாநில அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வைத்தது. தலித் திருநர் ஒருவர் தம் பாலின அடையாளத்தையோ சாதி அடிப்படையிலான உரிமையையோ ஏதேனும் ஒன்றைத்தான் பற்றிக்கொள்ள முடியும் என்ற நிலையை அது உருவாக்கியது. 2024 ஜூன் 12 அன்று சென்னை உயர்நீதிமன்றம், எல்லாச் சாதிப் பிரிவுகளுக்குள்ளும் திருநருக்கு 1 விழுக்காடு தனி ஒதுக்கீடு தருமாறு ஆணையிட்டது. பாலினமும் சாதியும் ஒரே உடலில் சந்திக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

இரண்டு மறுப்புரைகள்

இதையெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரிக்கு மகளை அனுப்பும் குடும்பத்துக்கு அக்கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு; அதை அலட்சியப்படுத்துவது வசதி படைத்தோரின் பழக்கம். தேசியத் தகுதித் தேர்வில் மகளிரியல் ஒரு தனிப்பாடம். 2013ஆம் ஆண்டின் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் ஒவ்வோர் இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்க்குழு இருக்க வேண்டும். அதில் வெளியுறுப்பினர் ஒருவரும் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளை எண்ணிப் பாருங்கள். சட்டம், சமூகப்பணி, தொழிற்சங்கம், ஊடகம், அரசுப்பணி எங்கும் இவ்வறிவுக்குத் தேவை உண்டு. எனினும் ஆசிரியப் பணியிடங்கள் ஒப்பந்தமாகவே இருக்கும்வரை பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இருக்கும். ஆகவே நிரந்தரப் பணியிடம் என்ற கோரிக்கையைப் பாடத்திட்டக் கோரிக்கையிலிருந்து பிரிக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு நம் இயக்கங்களுக்குள்ளிருந்தே வருகிறது. பெண்ணுரிமையும் பாலியல்பும் பேசினால் சாதி எதிர்ப்பு அணி பிளவுபடும் என்கிறார்கள். 1942 ஜூலையில் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களின் மாநாட்டில், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாகச் சொன்ன தலைவரின் வழிவந்தோர் பேசத்தக்க பேச்சன்று இது. பட்டியல் சாதியினர் கூட்டமைப்பில் தலைமைப் பொறுப்பு வகித்த மீனாம்பாள் சிவராஜின் பெயரை நம் மேடைகள் ஆண்டுக்கு எத்தனை முறை உச்சரிக்கின்றன? தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்று 1995இல் கோபால் குரு எழுதியபோது, ஆதிக்க சாதிப் பெண்ணியத்தோடு தலித் ஆண் தலைமையையும் சேர்த்தே விமர்சித்தார். 2025 ஜூலையில் நெல்லையில் தலித் மென்பொறியாளர் ஒருவர் சாதி வெறிக்குப் பலியானார். அதன் பின் எழுந்த குரல்களின் அழுத்தத்தால், ஆணவக்கொலைக்கு எதிரான சட்டம் பற்றிப் பரிந்துரைக்க நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக மாநில அரசு அக்டோபரில் அறிவித்தது. அக்கொலைகள் நடப்பது அகமண வேலியைக் காப்பதற்காகவே. பெண்ணின் விருப்பத்தின் மீது சாதிக்கு உள்ள பிடியைப் பேசாமல் ஆணவக்கொலையைப் பேசுவது எவ்வாறு?

நாம் கேட்பவை

தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் 2022 விதி முற்றாக நீக்கப்பட வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் சமூக அறிவியல் மாணவர்களுக்கு எவ்விதத் தடையுமின்றித் திறந்திருக்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த காஞ்சிபுரம் பகுதிக் கல்லூரிகளும், எந்தப் பட்டம் படிப்பவராயினும் பயிலும்படி சாதி, பாலினம், சமத்துவமின்மை பற்றிய ஒரு பொதுத்தாளைத் தமிழில் அமைக்க வேண்டும். அம்பேத்கரின் 1916 கட்டுரையும், பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்தும், திருநர் தன்வரலாறுகளும் அதில் இடம்பெற வேண்டும். இத்தாளை நடத்த இடஒதுக்கீட்டுச் சுழற்சிப்படி நிரந்தர ஆசிரியர்கள் நியமிக்கப்பட வேண்டும்.

களப்பணி மாணவரின் சொந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும். தறிக்கூலியில் பெண்ணின் பங்கு எவ்வளவு, ஆலை விடுதிகளின் நிலை என்ன, நேர்ந்துவிடப்பட்ட பெண்களின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் பெற எத்தனை முறை அலைகிறார்கள் என்பவை முதுநிலை ஆய்வேடுகளின் பொருளாக வேண்டும். முடிவுகள் தமிழில் அச்சாகி, தகவல் தந்த தெருக்களுக்கே திரும்பிச் செல்ல வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறைகள் சொல்லும் சமவாய்ப்பு மையம் தம் கல்லூரியில் இயங்குகிறதா என்று மாணவர்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ரோகித் வேமுலா, பாயல் தாட்வி ஆகியோரின் தாய்மார் 2019இல் உச்ச நீதிமன்றம் சென்றது அவ்வொழுங்குமுறைகள் ஏட்டளவில் நின்றுபோனதால்தான்.

அரசும் பல்கலைக்கழகமும் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2015இல் சென்னை ஐ.ஐ.டி. நிர்வாகம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தபோது நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுத் தந்தது. ஒரு சிறு வாசகர் வட்டத்தைக் கண்டு ஒரு பெரும் நிறுவனம் அஞ்சியது என்பதை நினைவில் கொள்வோம். காஞ்சிபுரத்தின் ஒவ்வொரு கல்லூரியிலும் பத்து மாணவர்கள் சேர்ந்து, வாரம் ஒருநாள் அமர்ந்து, 1916 கட்டுரையிலிருந்து தொடங்கலாம். ஆண்கள் மட்டுமே பேசும் வட்டமாக அது ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது முதல் நிபந்தனை.

நூறாண்டுகளுக்கு முன் காஞ்சிபுரத்தில் மறுக்கப்பட்ட தீர்மானம், அவையில் யாருக்கு இடம் என்பது பற்றியது. அவ்விடங்களில் ஒரு பங்கை நம் முன்னோர் போராடிப் பெற்றுத் தந்துவிட்டனர். அவ்விடங்களில் அமர்ந்திருக்கும் மகளும் மகனும் தங்கள் வாழ்வைத் தாங்களே ஆராய்ந்து எழுதும் உரிமையைப் பெறுவது இத்தலைமுறையின் பொறுப்பு.